கார் ஏசிக்குக் காஸ் அடிக்க முதல் பில்டரைப் பாருங்கோ

அண்ணை, யாழ்ப்பாணத்தில வெளிக்கிடேக்க உங்கட காரில நல்லா வந்த ஏசிக் காத்து கிளிநொச்சி தாண்டக் குறைஞ்சு போகுது, ஃபேன் சத்தம் மட்டும் அப்பிடியே கேக்குது எண்டுறியள். அப்ப மோட்டரில பிழை இல்லை. உள்ளுக்குக் காத்தைக் குளிராக்கிற கூலிங் கொயில் ஐஸ் பிடிச்சு அடைக்குது போல கிடக்கு. அடுத்தமுறை காத்து குறையேக்க ஏசி சுவிட்சை மட்டும் நிப்பாட்டி, ஃபேனை முழுசாப் போட்டபடி ஓடுங்கோ. பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில காத்து திரும்பி வந்தால் ஐஸ்தான். வண்டியை நிப்பாட்டினாப் பிறகு கீழ வழமையை விடக் கூடத் தண்ணி ஒழுகும், அதையும் குனிஞ்சு பாருங்கோ.

கொரோலா 121 எண்டபடியால் டாஷ்போட் பெட்டியைக் கழட்டினால் பின்னால ஏசிக் காத்தை வடிக்கிற பில்டர் இருக்கும். அது அடைச்சால் கொயிலுக்குப் போற காத்து குறைஞ்சு ஐஸ் பிடிக்கும். பெரிய வேலை இல்லை. வலிகாமத்துச் செம்மண் புழுதிக்கு அது எந்த நிறத்தில வரும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை! கழுவிப் போடாதேங்கோ, புதுசு வாங்குங்கோ.

அதுக்குப் பிறகும் ஐஸ் பிடிச்சால் கொயிலில இருக்கிற வெப்ப சென்சரைச் சோதிக்கச் சொல்லுங்கோ. காஸ் குறைஞ்சாலும் ஐஸ் பிடிக்கும்தான், ஆனா லீக் பாக்காமல் அடிச்சால் காசுக்குத்தான் நட்டம்.

ஃபேன் உச்ச வேகத்தில மட்டும் வேலை செய்யுது எண்டால் அது வேற கதை, ஃபேன் வேகத்தைக் குறைச்சுக் குடுக்கிற ரெசிஸ்டர் எரிஞ்சிருக்கும்.