பல்கூழ் கல்ச்சர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிடுங்கிய ஞானப்பல்லின் கூழை (பல்லுக்குள் இருக்கும் மென்திசுவை) கல்ச்சரில், அதாவது ஆய்வகத் தட்டில் வளர வைத்தால் நரம்பிழைகள் எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

பதில்: சில நாட்கள்தான். அந்த இழைக்கு ஊட்டம் அனுப்பும் செல் உடல் எங்கே என்று முதலில் கேளுங்கள். உணர்விழைகளுக்கு அது மண்டையோட்டுக்குள், ட்ரைஜெமினல் கேங்லியான் என்ற நரம்பு முடிச்சில் இருக்கிறது. பல்லைப் பிடுங்கிய நொடியிலேயே இழை அறுந்தாயிற்று. அறுந்த இழை சிதைவதை உடலியலாளர் வாலர் 1850-லேயே தவளை நாக்கின் நரம்பில் காட்டிவிட்டார்.

கேள்வி: என்ஜிஎஃப் (நரம்பு வளர்ச்சிக் காரணி) சேர்த்தும் இழைகள் சிதைந்துவிட்டன. அளவு போதவில்லையா?

பதில்: அளவைக் கூட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள். என்ஜிஎஃப் காப்பாற்றுவது செல் உடலோடு ஒட்டியிருக்கும் இழையை. அறுந்த துண்டுக்குள், இழை உயிர்வாழத் தேவையான என்ஏடி மூலக்கூறைத் தயாரிக்கும் என்ம்னாட்2 என்சைம் சீக்கிரம் தீர்ந்துபோகும், புதிதாக அனுப்ப ஆளில்லை. அப்புறம் சார்ம்1 என்ற அழிக்கும் என்சைம் விழித்துக்கொண்டு, இருக்கிற என்ஏடியைக் காலி செய்துவிடும்.

கேள்வி: கூழிலிருந்து நீளமான செல்கள் ஊர்ந்து வருகின்றன. நியூரானின் அடையாளமாகப் பார்க்கும் புரதமான பீட்டா-3 டியூபுலின் பாசிட்டிவ். நியூரான் கிடைத்துவிட்டது என்று எழுதலாமா?

பதில்: கூடாது. மாதாமாதம் இதே கேள்வி! ஊர்ந்து வருபவை பெரும்பாலும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு செல்), ஸ்டெம் செல், கொஞ்சம் ஷ்வான் செல் (நரம்பிழையைப் போர்த்தும் செல்). பல்கூழ் ஸ்டெம் செல்கள் கருவில் நரம்புகளையும் உருவாக்கும் நியூரல் கிரெஸ்ட் வழி வந்தவை. நியூரானாக மாற்றும் எந்தத் தூண்டலும் இல்லாமலே பீட்டா-3 டியூபுலின், நெஸ்டின் (நரம்பு முன்னோடி செல்லின் புரதம்) இரண்டையும் காட்டக்கூடியவை. தூண்டாத கன்ட்ரோலை ஸ்டெயின் செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பச்சையாக மின்னும் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். நியூரான் என்று சொல்ல வேண்டுமானால் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் வைத்து சோடியம் கரன்ட்டைக் காட்டுங்கள். ஒரு முறையல்ல, திரும்பத் திரும்பச் சுடும் மின்துடிப்பை, அதாவது ஆக்ஷன் பொடென்ஷியலைக் காட்டுங்கள். மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) சேர்க்கும் சீரத்தை நிறுத்தினாலே செல் சுருங்கி வால் முளைத்ததுபோல் தெரியும். அந்த வாலை நியூரைட் (நியூரானின் இழை) என்று எழுதிய ஆய்வேடுகளைத் திருத்தியே என் கண் போயிற்று.

கேள்வி: அப்படியானால் கூழுக்குள் நரம்பு வளர்வதை ஆய்வகத்தில் பார்க்கவே முடியாதா?

பதில்: முடியும். எலிக்குஞ்சின் ட்ரைஜெமினல் கேங்லியானைக் கூழோடு சேர்த்து வளருங்கள். கூழ் செல்களே என்ஜிஎஃப், பிடிஎன்எஃப், ஜிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து இழைகளை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே நுண்கால்வாய் உள்ள தட்டு இருந்தால் இழை மட்டும் கடந்து வரும், செல் உடல் அந்தப் பக்கமே நிற்கும். மறுபடியும் அதேதான்: செல் உடல் எங்கே?

கேள்வி: என் கல்ச்சர் சரியாக வரவில்லை. காரணம்?

பதில்: மீடியம் என்ன, நோயாளியின் வயது என்ன, பிடுங்கி எத்தனை மணி நேரம் கழித்துக் கூழை எடுத்தீர்கள்? எதுவுமே எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

கேள்வி: பூஞ்சை வந்துவிட்டது. மருந்து ஊற்றிக் காப்பாற்றலாமா?

பதில்: தூக்கிப் போடுங்கள். இன்குபேட்டரையும் கழுவுங்கள்.