ஒரு வருடம் வேறொரு வீட்டில்: பிள்ளையை அயல்நாட்டுப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். உங்கள் மகள் பாப்பா பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அமெரிக்காவில் ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு வர அவளுக்கு ஆசை. அவள் அப்பாவான அண்ணனுக்குப் பயம். உங்கள் தம்பிக்கோ, "அங்கே போய்விட்டால் அப்படியே படிப்பு, வேலை என்று தங்கிவிடலாம்" என்று ஒரு கணக்கு. மூன்று பேருக்கும் நடுவில் நீங்கள் தூங்காமல் இருக்கிறீர்கள்.

தம்பியின் கணக்கை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். மாணவர் பரிமாற்றத்துக்குக் கொடுப்பது ஜே-1 விசா. அதிகபட்சம் ஒரு கல்வியாண்டு, முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். அந்த வருடத்தில் வேலைக்குப் போகக் கூடாது. பிளஸ் டூ சான்றிதழும் கிடைக்காது, இங்கே கல்லூரி இடத்துக்குத் தனி மதிப்பெண்ணும் கிடைக்காது. இந்த வருடம் ஒரு பிள்ளைக்கு உண்மையில் கொடுப்பது வேறு: அறிமுகமில்லாத வீட்டில் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுப் பிள்ளையாக வாழப் பழகுவது. அது உங்களுக்குப் பெரிதாகப் படுகிறதா என்று யோசியுங்கள். படவில்லை என்றால் அனுப்பாதீர்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

நான் அதைப் பெரிதாகத்தான் நினைக்கிறேன். நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில் பாதிப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது என்றும் நம்புகிறேன். பாப்பா வீட்டில் தமிழ் பேசுகிறாள், பஸ் போர்டை மலையாளத்தில் படிக்கிறாள், தாலுகா ஆபீசில் மலையாளத்தில் பதில் சொல்கிறாள், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் பேச்சே மாறிவிடுகிறது. ஓணத்துக்குப் பூக்களமும் பொங்கலுக்குக் கோலமும் அதே வாசலில் போடுகிறாள். எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லாருக்கும் இருப்பதில்லை. அவளுடைய ஆங்கிலம் சுமார்தான் என்று எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு மாதம் சிரமப்படுவாள், பிறகு தானாக வரும். நான் அதைவிடக் கவனித்துப் பார்ப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிறாளா என்பதைத்தான். கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பிள்ளை என்றால், அந்தப் பழக்கத்தை இந்த வருடமே மாற்ற வேண்டும்.

எப்போது அனுப்புவது? எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு. கேரளப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு உண்டு, இரண்டு வருட மதிப்பெண்ணும் சேரும். பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவில் ஒரு வருடம் விட்டால் இயற்பியலும் கணக்கும் மறந்துபோகும், திரும்பப் பிடிப்பது பெரும் பாடு. பிளஸ் டூ முடித்த பிறகு போகலாம் என்றால் வழியே இல்லை: 11 வருடத்துக்கு மேல் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு அமெரிக்கப் பள்ளிப் பரிமாற்ற விசா கிடையாது. திட்டம் தொடங்கும்போது வயது 15 நிறைந்திருக்க வேண்டும், பதினெட்டரையைத் தாண்டக் கூடாது.

ஆக, ஒரு வருடம் போகும். தோழிகள் பிளஸ் டூ படிக்கும்போது இவள் பிளஸ் ஒன்னில் சேருவாள். இதை உறவினர்கள் "ஒரு வருஷம் வீணாச்சு" என்றுதான் பேசுவார்கள். நீட் தேர்வுக்கோ ஜேஇஇ தேர்வுக்கோ இந்த இடைவெளியால் தடை எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இங்கே ஏகஜாலகம் என்ற கேரள அரசின் ஒற்றைச் சாளரச் சேர்க்கையில் பிளஸ் ஒன் விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கிவிடும். அவளுக்கு அங்கே பள்ளி முடிவதே மே கடைசி, ஜூன் ஆகும். நீங்கள்தான் இங்கிருந்து விண்ணப்பம் போட வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும், அவளுடைய பெட்டிக்குள் போய்விடக் கூடாது.

எந்த வழியாகப் போவது என்று கேட்டிருந்தீர்கள். ரோட்டரி சங்கங்கள் நடத்தும் இளைஞர் பரிமாற்றம் ஒரு வழி. அண்ணன் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சங்கம் அவளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அங்கே தங்கவும் சாப்பிடவும் பணம் கேட்க மாட்டார்கள், மாதம் சிறிது கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். விமான டிக்கெட், காப்பீடு, விசாச் செலவு உங்களுடையது. வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் மாறித் தங்குவது அவர்கள் வழக்கம். வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது என்று நான்கு கண்டிப்பான விதிகளும் உண்டு. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், அவர் முகம் கொஞ்சம் தெளியும்.

இன்னொன்று ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களின் அமைப்பு அது, 1947 முதல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பி வருகிறது. அதில் கட்டணத் திட்டங்களும் உண்டு, உதவித்தொகைத் திட்டங்களும் உண்டு. 2002இல் அமெரிக்க அரசு தொடங்கிய 'யெஸ்' திட்டத்தில் தேர்வானவர்களுக்குப் பயணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் அரசுச் செலவு. போட்டி கடுமையாக இருக்கும். எதுவாக இருந்தாலும் கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

கோயம்புத்தூரில் ஓர் ஏஜெண்ட் பல லட்சம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஜே-1 விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 படிவம் யார் தருவார்கள்? அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அமைப்புகள் மட்டுமே அதைத் தர முடியும், அவற்றின் பட்டியலைத் துறையே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன் என்றால், அது முழுப் படிப்புச் செலவையும் நீங்களே கட்ட வேண்டிய வேறு வழி, அதுவும் 12 மாதத்துக்கு மேல் கிடையாது. ஜே-1 திட்டத்தில் பிள்ளையை ஏற்கும் குடும்பத்துக்குச் சம்பளம் தருவதில்லை. விருப்பப்பட்டுத்தான் ஏற்கிறார்கள். வீட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும், வீட்டையும் நேரில் வந்து பார்ப்பார்கள்.

இப்போது அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் மஞ்சள் நிறப் பள்ளி பஸ் வரும். குளிர்காலத்தில் அது வரும்போது பல ஊர்களில் இன்னும் இருட்டாகவே இருக்கும். நம் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், டீச்சர் மாறி மாறி வருவார். அங்கே டீச்சர் தன் அறையில் இருப்பார், பிள்ளைகள் மணி அடித்ததும் அறை மாற வேண்டும், இடையில் சில நிமிடம்தான். ஒவ்வொருவருக்கும் தனித் தனி டைம்டேபிள் என்பதால் "என் கிளாஸ்" என்று ஒரு கூட்டம் அமையாது. நம் பிள்ளைகளை அதிகம் வதைப்பது இதுதான், படிப்பு இல்லை. கணக்குப் பாடம் அவளுக்கு எளிதாகவே இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டை ஏந்திக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பாளே, அதுதான் கஷ்டம். அதற்கு ஒரே மருந்து, முதல் இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு குழுவில் சேர்வது. பாட்டுக் குழு, நாடகம், ஓட்டம் எதுவானாலும் சரி. நன்றாக வர வேண்டும் என்பதில்லை, பள்ளி விட்டதும் தினமும் அதே முகங்களைப் பார்க்க ஒரு காரணம் வேண்டும். மதிப்பெண்ணும் கடைசித் தேர்வை மட்டும் வைத்து வராது. வீட்டுப்பாடம், வகுப்பில் பேசுவது, சிறு தேர்வு எல்லாம் சேரும். வாய் திறக்காமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தால் ஆர்வமில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரிதாகும். நம் வீட்டில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று மூன்று தடவை கேட்போம். முதல் தடவை வேண்டாம் என்பது நமக்கு மரியாதை. அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், பிள்ளை பசியோடு படுக்கும். பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல இப்போதிருந்தே பழக்குங்கள். ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடும் வீடுகள் அதிகம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்றால் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். போன பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம்.

அம்மா சோறு போட்டதற்கு நாம் நன்றி சொல்வதில்லை. அங்கே சொல்லாமல் எழுந்தால் மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடந்தாலும் அப்படித்தான். கல்யாணம் ஆகிப் போன புதிதில் நீங்கள் மாமியார் வீட்டில் எதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நடந்திருப்பீர்களே, அந்தக் கவனம்தான் அவளுக்கும் வேண்டும். குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது, திரையைத் தொட்டிக்குள் விட்டுத்தான் குளிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு படுத்தால் தலையணையில் கறை படியும், துண்டு விரித்துக்கொள்ளட்டும். மாதவிலக்கு நாப்கினைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடக் கூடாது. சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, தன் துணியைத் தானே மெஷினில் போடுவது, அறையைச் சுத்தமாக வைப்பது எல்லாம் அவள் வேலை. இதையெல்லாம் இன்று வீட்டில் யார் செய்கிறார்கள்? நீங்கள் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் செய்யட்டும். ஆறு மாதம் முகம் சுளிக்காமல் செய்தால் அவள் தயார் என்று நான் எழுதியே தருவேன்.

அக்டோபர், நவம்பரில் ஒரு சோர்வு வரும். புதுமை தீர்ந்திருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டும், இங்கே தீபாவளி நடக்கும். அந்த நேரத்தில் போன் செய்து அழுவாள். நீங்களும் சேர்ந்து அழுதால் அவளால் அங்கே நிற்க முடியாது, அக்கா. கேட்டுக்கொள்ளுங்கள், "நாளைக்கு என்ன கிளாஸ்?" என்று கேளுங்கள், வையுங்கள். வீடியோ காலை வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள். அமெரிக்காவின் நடுப் பகுதியில் ஞாயிறு காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன் பிறகு 8.30 ஆகும். தினமும் மணிக்கணக்கில் பேசும் பிள்ளை அங்கேயும் இருக்காது, இங்கேயும் இருக்காது.

இந்தக் கட்டுப்பாடு ஒரே ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது. யாராவது தவறாகத் தொட்டாலோ, பயமுறுத்தினாலோ, பட்டினி போட்டாலோ எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும். அவள் கிளம்பும் முன் நீங்களும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து, "எது நடந்தாலும் சொல்லு, உன்னைத் திட்ட மாட்டோம்" என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அமைப்பின் சார்பில் அவளைக் கவனிக்கும் பொறுப்பாளர் அந்த வட்டாரத்திலேயே இருப்பார், மாதம் ஒரு முறையாவது அவளிடம் பேச வேண்டும் என்பது விதி. வீடு ஒத்து வரவில்லை என்றால் வேறு வீடு கேட்கலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை, ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

அலுவல் வேலைகளில் இப்போதே தொடங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெயர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்று இருந்தால் பிறகு அலைச்சல். மூன்றும் ஒத்துப்போகும்படி பாருங்கள். 15 வயது நிறைந்தவர்கள் பத்து வருட பாஸ்போர்ட்டே வாங்கலாம். கேரளத்தவருக்கு அமெரிக்க விசா நேர்காணல் பெரும்பாலும் சென்னைத் துணைத் தூதரகத்தில்தான், போக வர டிக்கெட்டையும் கணக்கில் சேருங்கள். இரண்டாவது, குழந்தையில் போட்ட தடுப்பூசி அட்டை. அதைத் தேடி எடுங்கள். அமெரிக்கப் பள்ளிகள் அது இல்லாமல் சேர்க்காது, விட்டுப்போன ஊசிகளை இங்கேயே போட்டுவிடலாம். குழந்தையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் அங்கே காசநோய்க்கான தோல் சோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும். பயப்பட வேண்டாம், பிசிஜி போட்டதைச் சொன்னால் ரத்தச் சோதனை செய்து பார்ப்பார்கள். பல்லையும் ஒரு முறை காட்டிவிடுங்கள், பல் வைத்தியம் பெரும்பாலும் காப்பீட்டில் வராது.

அட்டை கிடைத்ததும் சனிக்கிழமை காலை அண்ணனையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூருக்கு வாருங்கள். தம்பி வந்தாலும் சரி. பாப்பாவிடம் முதல் அரை மணி நேரம் நான் தனியாகப் பேச வேண்டும்.