பழைய பில் புரோகிராம் வின்டோஸ் 11இல் திறக்கவில்லை: ‘ஃபுல் பேக்’ போடக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை டொக்யார்ட் வீதியில் ஒரு படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடையின் பில் புரோகிராமை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேறொருவர் விசுவல் ஸ்டூடியோ 2005 என்ற புரோகிராம் எழுதும் கருவியில், விபி டொட்நெட் மொழியில் எழுதியது. டேட்டா அக்சஸ் எம்டிபி கோப்பில், பில் அச்சாவது கிரிஸ்டல் ரிப்போர்ட்டில். 32 பிட் வின்டோஸ் 7 ஓடிய பழைய மெஷினின் மதர்போட் எரிந்துபோனதால் முதலாளி வின்டோஸ் 11 மெஷின் ஒன்று வாங்கிவிட்டார். புரோகிராமைத் திறந்தால் டொட்நெட் 3.5 (இந்த வகைப் புரோகிராம்கள் ஓட அடியில் இருக்க வேண்டிய மைக்ரோசொஃப்ட் மென்பொருள்) வேண்டும் என்கிறது, டவுன்லோட் கொடுத்தால் எரர் வருகிறது. கொம்பியூட்டர் கடைக்காரர் ஒருவர் எல்லா வெர்ஷனும் அடங்கிய ‘ஃபுல் பேக்’ போட 6,000 ரூபாய் கேட்கிறார், இல்லாவிட்டால் வின்டோஸ் 7க்கு மாற்றச் சொல்கிறார். விசுவல் ஸ்டூடியோ 2022இல் புரொஜெக்டைத் திறந்தால் 4.8க்கு மாற்றவா என்று கேட்கிறது. மாற்றலாமா? அல்லது ஒரேயடியாக டொட்நெட் 8க்குப் போய்விடுவதா? (வாசகர், உவர்மலை)

பதில்:

காசு கொடுக்க வேண்டாம் தம்பி, வின்டோஸ் 7க்கும் போக வேண்டாம். உங்கள் புரோகிராம் அந்தப் புது மெஷினிலேயே ஓடும். இன்றைக்குக் கடையில் பில் அடிக்க வைப்பது ஒரு வேலை, புரொஜெக்டை 4.8க்குக் கொண்டுபோவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் தலையிடி.

எதையும் தொடுவதற்கு முன் டேட்டாவை எடுங்கள். எரிந்தது மதர்போட்தானே, ஹார்ட் டிஸ்க் நல்லாயிருந்தால் அதைக் கழற்றி யூஎஸ்பி வழியாக வேறொரு மெஷினில் போட்டு எம்டிபி கோப்பைக் கொப்பி பண்ணுங்கள். இங்கேதான் பலர் விழுவது. புரோகிராம் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் இருந்திருந்தால் அங்கே காண்கிற எம்டிபி பெரும்பாலும் இன்ஸ்டோல் பண்ணிய நாளில் இருந்த கோப்புத்தான். அந்தக் காலத்து 32 பிட் புரோகிராம்கள் அந்த ஃபோல்டரில் எழுதப் போனால் விஸ்டாவில் இருந்து வந்த வின்டோஸ் அதைத் தடுத்து, யாருக்கும் சொல்லாமல் வேறு இடத்தில் எழுத வைக்கும். யூசர்ஸ் ஃபோல்டரில் அந்த ஆளின் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், வேர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் கடைசியாக மாறிய திகதியை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசிப் பில் அடித்த நாளோடு ஒத்துப்போவதை எடுங்கள். கடலுக்குப் போகிற ஆக்கள் அந்தக் கடையில் கடனுக்கு எடுத்த கணக்கெல்லாம் அதற்குள்தானே இருக்கிறது.

அடுத்தது, 3.5 ஏன் கேட்கிறது என்பது. உங்கள் புரோகிராம் உண்மையில் எழுதப்பட்டது 2.0க்கு. டொட்நெட் 2.0, 3.0, 3.5 மூன்றும் அடியில் ஒரே எஞ்சினில் ஓடுகிறவை, அதனால் வின்டோஸ் 10இலும் 11இலும் மூன்றையும் சேர்த்து 3.5 என்ற ஒரே பெயரில் வைத்திருக்கிறார்கள். 4.0, 4.5, 4.6, 4.7, 4.8 எல்லாம் வேறு எஞ்சின். அவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்காரும், ஒரு மெஷினில் அந்த வரிசையில் ஒன்றுதான் இருக்க முடியும். வின்டோஸ் 11 வாங்கும்போதே 4.8 அல்லது 4.8.1 உள்ளே இருக்கிறது. ஆக ‘எல்லா வெர்ஷனும்’ என்று அந்தக் கடைக்காரர் போடப்போவது என்ன? 4.0 இன்ஸ்டோலரை ஓட்டிப் பாருங்கள், அது ஏற்கெனவே இந்த வின்டோஸில் இருக்கிறது என்று அதுவே சொல்லி நின்றுவிடும். போட வேண்டியது 3.5 ஒன்று மட்டும், அது இலவசம்.

கன்ட்ரோல் பனலில் ‘டேர்ன் வின்டோஸ் ஃபீச்சர்ஸ் ஒன் ஓர் ஓஃப்’ என்பதைத் திறந்து 3.5க்குச் சரி போடுங்கள். அதற்குக் கீழே இருக்கிற இரண்டு சின்னப் பெட்டிகளையும் வெறுமையாகவே விடுங்கள். உங்களுக்கு வந்த எரர் 0எக்ஸ்800எஃப்081எஃப் என்பதாக இருந்தால், வின்டோஸ் அதற்குரிய கோப்புகளைத் தேடிப்போய்க் கிடைக்கவில்லை என்று அர்த்தம். புது மெஷின் விற்கும்போதே சில கடைகளில் ‘அப்டேட் வந்தால் ஸ்லோவாகும்’ என்று சொல்லி வின்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்திவிட்டுத்தான் தருகிறார்கள். அது நின்றிருந்தால் 3.5 இறங்கவே இறங்காது. சேர்விசஸ் பட்டியலில் போய் அதை இயக்கிவிட்டுத் திரும்ப முயலுங்கள். இணைய இணைப்பு மோசம் என்றால் வின்டோஸ் 11 ஐஎஸ்ஓ (இன்ஸ்டோல் பண்ணும் கோப்பு) இருக்கிற பென் டிரைவ் ஒன்று போதும். அதில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, தேவையான கோப்பு அங்கேதான். வின்டோஸோடு வருகிற டிஸ்ம் என்ற கட்டளையில் அந்தப் பாதையைக் கொடுத்து இயக்க வேண்டும், முழுக் கட்டளையும் மைக்ரோசொஃப்ட்டின் உதவிப் பக்கத்தில் இருக்கிறது. ஐஎஸ்ஓவும் மெஷினில் இருக்கிற வின்டோஸும் ஒரே வெர்ஷனாக இருப்பது முக்கியம்.

இனித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டிய இடம். 3.5 போட்டு முடித்ததும் புரோகிராம் திறக்கும், லொகின் வரும், பாஸ்வேர்ட் அடித்ததும் இன்னொரு எரர் வரும்: ‘மைக்ரோசொஃப்ட் ஜெட் ஓஎல்இடிபி 4.0’ இந்த மெஷினில் பதியப்படவில்லை என்று. இதைப் பார்த்ததும் எல்லோரும் ‘இன்னும் ஏதோ டொட்நெட் குறைகிறது’ என்று நினைத்து 4.5ஐ இறக்கு, 4.7ஐ இறக்கு என்று அலைவார்கள். டொட்நெட் வெர்ஷனுக்கும் இந்த எரருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எம்டிபி கோப்பைத் திறக்கிற ஜெட் என்பது 32 பிட்டில் மட்டுமே உள்ளது, 64 பிட்டில் மைக்ரோசொஃப்ட் அதைச் செய்யவே இல்லை. உங்கள் புரோகிராமோ ‘எனிசிபியு’ என்று கட்டப்பட்டது, அதாவது எந்த வின்டோஸில் போட்டாலும் அந்த வின்டோஸின் பிட்டிலேயே ஓடும். பழைய மெஷின் 32 பிட், அதனால் பிரச்சினை இருக்கவில்லை. வின்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே புரோகிராம் 64 பிட்டாக எழும்பி, 64 பிட் ஜெட்டைத் தேடி, இல்லை என்று விழுகிறது. அந்த எரர் செய்தியில் ‘இது 32 பிட்டில் மட்டும் உண்டு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை பேரின் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும்! இதில் இன்னொன்று, 64 பிட் கோப்புகளை சிஸ்டம்32 ஃபோல்டரிலும் 32 பிட் கோப்புகளை சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் வைத்திருக்கிறார்கள். ஜெட்டின் கோப்பு அந்த 64 என்று பெயரிட்ட ஃபோல்டரில்தான் பத்திரமாக இருக்கிறது. பெயரைப் பார்த்துத் தேடுகிறவனுக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்?

தீர்வு சின்னது. விசுவல் ஸ்டூடியோவோடு வருகிற டெவலப்பர் கொமாண்ட் புரொம்ப்டில் கோர்ஃப்ளாக்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. பில் புரோகிராமின் இஎக்ஸ்இயை ஒரு கொப்பி எடுத்து வைத்துவிட்டு, 32 பிட் கட்டாயம் என்ற கொடியை அதில் ஏற்றிவிடுங்கள். கோட்டைத் தொடாமலே புரோகிராம் 32 பிட்டாக ஓடும். இஎக்ஸ்இ கையொப்பமிடப்பட்டதாக இருந்தால் மட்டும் அந்தக் கையொப்பம் உடையும், கடைப் பில் புரோகிராம்களில் அது அனேகமாக இருக்காது.

‘64 பிட் அக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் போட்டால் சரியாகும்’ என்று யாராவது சொல்வார்கள். அது வேறு பெயரில் வருகிற வேறு புரோவைடர் (டேட்டா கோப்பைத் திறந்து கொடுக்கும் பகுதி), கோட்டில் அதன் பெயர் வருகிற கனெக்ஷன் வரியையும் மாற்ற வேண்டும். மெஷினில் 32 பிட் ஒஃபிஸ் இருந்தால் இன்ஸ்டோல் ஆக மறுத்துவிடும். அப்போது ஒஃபிஸைக் கழற்று என்பார்கள், பிறகு முதலாளியின் எக்செல் திறக்காது. அந்த வழிக்கே போகாதீர்கள்.

புதிய மெஷினில் புரோகிராமைத் திரும்பவும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்கவும் வேண்டாம். சி டிரைவில் கடையின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வையுங்கள். பழைய இடத்திலேயே வைத்தால் திரும்பவும் கோப்பு இரண்டு இடத்தில் கிடக்கும், அல்லது பில் சேவ் பண்ணும்போது ‘அப்டேற் பண்ணக்கூடிய குவெரி வேண்டும்’ என்று விளங்காத ஓர் எரர் வரும். அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது.

அந்த 6,000 ரூபாய்க்காரரைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க வேண்டும். அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வியாபாரம் தெரியும். ‘ஃபுல் பேக்’ என்பது எவனோ கட்டி இணையத்தில் போட்ட ஒரு தொகுப்பு. மைக்ரோசொஃப்ட் அப்படி ஒன்றை வெளியிடுவதில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கொண்டுவந்து போடுகிறவருக்கே தெரியாது. போடும்போது அன்டிவைரஸை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். தனித்தனி டிஎல்எல் கோப்பை இறக்கச் சொல்லும் தளங்களும் இதே ரகம். டொட்நெட்டை மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து மட்டும்தான் இறக்க வேண்டும், ஒரு சதம்கூடக் கட்ட வேண்டியதில்லை.

வின்டோஸ் 7 போடுகிற யோசனை அதைவிட மோசம். அதற்கான பாதுகாப்பு அப்டேட்களை 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்திவிட்டார்கள். முதலாளி காசு கொடுத்து வாங்கிய வின்டோஸ் 11ஐ அழித்துவிட்டு, திருட்டு கீ போட்ட வின்டோஸ் 7ஐ ஏற்றி, அதற்கும் காசு வாங்குகிறார்கள். புது மெஷினின் வைஃபை, யூஎஸ்பி டிரைவர்கள் அதற்குக் கிடைப்பதும் பெரும்பாடு. பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டால் அதற்குத் தனி விசிட் சார்ஜ். கிண்ணியா, மூதூர் பக்கத்தில் இருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருகிற கடைக்காரர்களுக்கு அன்றைய வியாபாரமும் போகிறது. ரிமோட்டில் வந்து செய்து தருகிறோம் என்கிறவர்களிடமும் கவனம். வேலை முடிந்தபின் அந்த ரிமோட் புரோகிராமைக் கழற்றினார்களா என்று நீங்களே பாருங்கள். கடையின் முழுக் கணக்கும் அந்த மெஷினில் இருக்கிறது.

சரி, இனி 4.8. மாற்றலாம், ஆனால் கடையில் பில் ஓடத் தொடங்கிய பிறகு, கொப்பி ஒன்றில், ஆறுதலாக. புரொஜெக்டின் டார்கெட்டை, அதாவது எந்த டொட்நெட்டுக்குக் கட்டுவது என்பதை, 4.8 என்று வையுங்கள். 4.8.1 வேண்டாம், வின்டோஸ் 10இன் பழைய பதிப்புகளில் அது ஏறாது. 4.8க்குக் கட்டியது 4.8.1 இருக்கிற மெஷினில் தாராளமாக ஓடும். கூடவே டார்கெட் சிபியுவை எக்ஸ்86, அதாவது 32 பிட், என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய ஜெட் கதை திரும்ப வரும். விபி கோட்டில் பெரிதாக எதுவும் உடையாது.

உடைவது கிரிஸ்டல்தான். விசுவல் ஸ்டூடியோ 2005ஓடு வந்த கிரிஸ்டலின் வெர்ஷன் 10.2.3600. இன்றைக்குக் கடையில் ஓடப்போகும் பழைய இஎக்ஸ்இக்கு அதே வெர்ஷனின் ரன்டைம் (ஓடுவதற்குத் தேவையான துணைக் கோப்புகள்) வேண்டும். சிஆர்ரெடிஸ்ட்2005 என்று தொடங்கும் எம்எஸ்ஐ கோப்பு விசுவல் ஸ்டூடியோ 2005 போட்ட மெஷினின் பூட்ஸ்ட்ராப்பர் ஃபோல்டரில் இருக்கும், முதலில் எழுதியவரிடம் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்86 என்று முடிவதைத்தான் போட வேண்டும். 4.8க்குப் போகும்போது கிரிஸ்டலின் இப்போதைய உரிமையாளரான எஸ்ஏபி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 13ஆம் வெர்ஷனை இறக்கி, புரொஜெக்டில் கிரிஸ்டலைச் சுட்டுகிற பழைய ரெஃபரன்ஸ்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புதியதைச் சேருங்கள். ஒரு பழைய ரெஃபரன்ஸ் விடுபட்டாலும் ‘கோப்பை ஏற்ற முடியவில்லை’ என்று வரும். அந்தச் செய்தியை மூடாமல் வடிவாக வாசியுங்கள், எந்த வெர்ஷனைத் தேடுகிறது என்று அதில் எழுதியிருக்கும். 10.2 என்று கண்டால் விடுபட்டது அதுதான்.

டொட்நெட் 8 உங்களுக்கு வேண்டாம். பெயரில் அடுத்த வெர்ஷன் மாதிரித் தெரிந்தாலும் அது வேறு வம்சம். டொட்நெட் ஃபிரேம்வேர்க் 2019இல் வந்த 4.8, 2022இல் வந்த 4.8.1 என்பவற்றோடு நிற்கிறது. 2016இல் டொட்நெட் கோர் என்று தொடங்கிய மற்றதுக்கு 2020இல் ‘கோர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, 4ஐயும் தாண்டி 5 என்று பெயர் வைத்தார்கள். ஊர் முழுக்கக் குழம்பிப்போய் நிற்பதற்கு இந்தப் பெயர் வைப்பே காரணம். அதன் டெஸ்க்டொப் ரன்டைம் வின்டோஸோடு வருவதில்லை, தனியாகப் போட வேண்டும். 8க்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. எல்லாவற்றையும்விட, கிரிஸ்டல் அதில் ஓடாது. பில் டிசைன் முழுவதையும் வேறு கருவியில் திரும்பச் செய்யத் தயார் என்றால் மட்டும் யோசியுங்கள், அப்போதும் 8ஐ விட்டு 2028 வரை ஆதரவுள்ள 10இல் தொடங்குங்கள்.

புதியதைக் கடையில் போடும்போது இஎக்ஸ்இயை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோகாமல் ரிலீஸ் ஃபோல்டரில் இருக்கிற கொன்ஃபிக் கோப்பு, டிஎல்எல்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மாத முடிவுக் கணக்கு ஒருமுறை சரியாக அச்சாகும் வரை பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபோமட் பண்ண யாரையும் விடாதீர்கள், முதலாளியே கேட்டாலும் சரி.