மீட்ட ஓநாயைத் திரும்பக் காட்டில் விடுவார்களா? திருகோணமலையில் அப்படி ஒரு சரணாலயம் தொடங்கலாமா?

கேட்டவர் எங்கள் ஊர்க்காரர். அமெரிக்காவில் ஓநாய்களை மீட்டுப் பராமரிக்கும் சரணாலயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, இங்கேயும் ஒன்று இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் விடமாட்டார்கள். அங்கே மீட்கப்பட்டு வருபவற்றில் அனேகமானவை காட்டையே கண்டதில்லை. யாரோ ஆசைப்பட்டுக் குட்டியாக வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் கைவிட்டவை அவை. நாயோடு கலந்து பிறந்தவையும் நிறைய. குட்டியில் நாய்க்குட்டி மாதிரித்தான் இருக்கும். பருவத்துக்கு வந்ததும் வேலியின் கீழே தோண்டும், மேலே பாயும், பக்கத்து வீட்டுக் கோழியை விட்டுவைக்காது. கலப்பினத்துக்கென்று அனுமதி பெற்ற விசர்நாய்த் தடுப்பூசிகூட அமெரிக்காவில் இல்லை. வேட்டை பழகாத, மனிதரைக் கண்டால் விலகத் தெரியாத இந்த மிருகத்தைக் காட்டில் விட்டால் அது அடுத்த பண்ணை வாசலில் போய் நிற்கும், அங்கே சுடப்படும். ஆகவே சாகும்வரை வைத்துச் சோறு போடுவதுதான் ஒரே வழி.

காட்டுக்குப் போகும் ஓநாய்களின் கதை வேறு. சிவப்பு ஓநாய் 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே பிடித்துவைத்திருந்த 14 ஓநாய்களிலிருந்து இனத்தைப் பெருக்கி, 1987இல் வட கரோலினாவில் திரும்ப விட்டார்கள். மெக்சிக்கன் ஓநாய்க்கு மூலம் 7 மட்டுமே. 1998இல் அரிசோனாவில் விடுதலை தொடங்கியது. காட்டில் விடுவதற்கென்று வளர்ப்பவற்றின் அருகே பொதுவாகச் சனங்களை விடமாட்டார்கள், பராமரிப்பவர்களும் முடிந்தவரை முகம் காட்டமாட்டார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்று உண்டு. கூட்டில் பிறந்த குட்டிகளை, கண் திறக்கும் வயதில், அதே சமயத்தில் குட்டி போட்ட காட்டு ஓநாயின் பொந்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். தாய் கணக்குப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே வளர்க்கிறது!

நியூயோர்க் மாநிலத்தின் சவுத் சேலத்தில் இருக்கும் ஓநாய்ப் பாதுகாப்பு மையத்தில் மனிதரோடு பழகியவை, காட்டுக்குப் போகவேண்டியவை என இரண்டு வகையும் உண்டு. 1999இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் எலேன் கிரிமோ என்ற பிரெஞ்சுப் பியானோக் கலைஞர். மனிதரோடு பழகிய சில ஓநாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். காட்டுக்குப் போகவேண்டியவை பெரும்பாலும் மறைவிலேயே இருக்கும். அந்தப் பாடத்தில் முக்கியமானது, கூட்டத்துக்கு ஒரு 'தலைவன்' சண்டைபோட்டு வருகிறான் என்ற பழைய கதையைக் கலைப்பது. ஒன்றுக்கொன்று அந்நியமான ஓநாய்களை ஒரே கூட்டில் அடைத்துவைத்துப் பார்த்த 1940களின் ஆய்விலிருந்து பரவியது அது. காட்டில் கூட்டம் என்றால் அனேகமாக அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான்.

சரி, எங்கள் ஊர். இலங்கையில் ஓநாய் கிடையாது. இருக்கும் ஒரே காட்டு உறவு நரி. தம்பலகாமம் பக்கம் வயல்வெளியில் இருட்டியதும் ஊளை கேட்டிருப்பீர்கள். எலியையும் நண்டையும் பிடித்துத் தின்று கமக்காரனுக்கு உதவும் இந்தப் பிராணிக்கு, நன்றியாகக் கிடைத்தது, நரியின் மண்டையில் முளைப்பதாகச் சொல்லி விற்கப்படும் நரிக்கொம்பு வியாபாரம். அது கையிலிருந்தால் வழக்கு வெல்லும், காசு சேரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கு வெல்ல நல்ல சட்டத்தரணியைப் பிடிப்பது மேல் என்பது என் கருத்து.

ஆகவே ஓநாயை இறக்குமதி செய்து இந்த வெயிலில் கம்பிக்குள் வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டுமென்றால் பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் புள்ளிமான்கள் வந்து கையை மோப்பம் பிடிக்கும். எல்லோரும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுத்துப் படம் எடுக்கிறோம். அதே மான்கள்தான் பிறகு கடைத்தெருவில் குப்பையைக் கிளறிப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன. அந்த அமெரிக்க ஓநாய்களுக்கு நேர்ந்ததும் இதுதான்: மனிதப் பயம் போனபின் காட்டு மிருகமாக வாழ முடியாது. இதை விளக்க ஒரு ரீச்சரும் ஒரு பின்னேரமும் போதும், கூடு தேவையில்லை.

மீட்டுத் திரும்ப விடுவதற்கு நாட்டுக்குள்ளேயே உதாரணம் வேண்டுமா? உடவளவையில் 1995இலிருந்து தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்வையாளர்கள் தூர நின்று பால் குடிப்பதைப் பார்க்கலாம், தொட முடியாது. தொடவிடாததால்தான் அந்தக் குட்டிகளைத் திரும்ப விட முடிகிறது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வயலோரம் நரிக்குட்டி தனியாகக் கிடந்தால் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தாய் இரைக்குப் போயிருக்கும். நாய்களைக் கட்டிவிட்டு விலகிப் போங்கள். காயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள், வெறுங்கையால் மட்டும் தொடவேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.