ஒரே ஒரு கார்ன் ஸ்னேக் (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பாம்பு) இரைக்காக வீட்டில் சுண்டெலி வளர்ப்பது கட்டுப்படியாகுமா?

ஒரு பாம்புக்காக என்றால் வேண்டாம் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். வளர்ந்த கார்ன் ஸ்னேக்குக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு பெரிய சுண்டெலி போதும். ஆண்டுக்கு சுமார் 30. பெண் சுண்டெலியின் சினைக்காலமோ 19 முதல் 21 நாள்தான். ஈன்ற ஒரே நாளில் மறுபடி சினைபிடிக்கும். ஆண் ஒன்று, பெண் இரண்டு வைத்து, ஆளுக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டி என்று குறைத்துப் போட்டாலும் 60 வந்துவிடும். மிச்சத்தை என்ன செய்வீர்கள்? குட்டிகள் ஆறு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண், பெண் பிரிக்க மறந்தால் எண்ணிக்கை கைமீறிப் போகும்.

அடுத்தது நாற்றம். ஆண் சுண்டெலியின் மூத்திர வாடை கடுமையானது, சிறிய வீட்டில் மறைக்கவே முடியாது. தீவனம், மரத்தூள், வாராவாரம் கூண்டு கழுவுவது எல்லாம் சேர்த்தால், பாம்புக்கு இரையாக உறைய வைத்து விற்கும் எலியைக் கடையில் வாங்குவதே மலிவு.

பலரும் யோசிக்காத ஒன்று, கொல்வது. உயிரோடு போட்டால் எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கும். வலியில்லாமல் கொல்லும் முறையை முதலில் கற்க வேண்டும். கையால் வளர்த்த உயிரை அப்படிச் செய்ய மனம் வருமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்துப் பதினைந்து பாம்புகள் இருந்தாலோ, குஞ்சுகளுக்கு அடிக்கடி கண் திறக்காத எலிக்குட்டி தேவைப்பட்டாலோ, தனி அறையும் இருந்தால், தாராளமாகத் தொடங்கலாம்.