ரிவ்யூவுக்கும் ரெட்ரோவுக்கும் ஒரே மாதிரிப் படமா?

கேள்வி: எங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஸ்க்ரம் (வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்து டீமாகச் செய்யும் முறை) மீட்டிங்குகளை விளக்க ஸ்லைடுகள் தயாரித்தேன். மேசையைச் சுற்றி ஆட்கள், பல்பு, கைகுலுக்கல், பல்சக்கரம் என்று ஐகான்கள் வைத்தேன். முடிந்ததும் ஒருவர், "ரிவ்யூவும் ரெட்ரோவும் ஒன்றுதானே?" என்று கேட்டார். எங்கே தப்பு?

பதில்: ஐகான் தேர்விலேயே. மேசையைச் சுற்றி நாலு பேர் இருக்கும் படம் "இது ஒரு மீட்டிங்" என்று மட்டும்தான் சொல்லும், அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எதைப் பற்றிப் பேசப் போகிறோம், எழுந்து போகும்போது கையில் என்ன இருக்கும், இந்த இரண்டில்தான் ஒரு மீட்டிங் இன்னொன்றிலிருந்து மாறுகிறது. அதை வரையுங்கள்.

ரிவ்யூவில் எல்லோரும் பார்ப்பது செய்து முடித்த பொருளை, முடிவில் மாறுவது பேக்லாக், அதாவது இனி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அதனால் ஒரு மொபைல் திரை, பக்கத்தில் வரிசை மாறும் பட்டியல். ரெட்ரோவில் டீம் பார்ப்பது தன்னைத்தானே, வேலை செய்த விதத்தை. அதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஸ்பானரும் போதும். அப்புறம், விற்பனைக்காரர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது "நான் எதற்கு வரணும்?" என்பதுதான். ஆள் ஐகானை அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ரிவ்யூவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆள், கீழே "நீங்கள்". ரெட்ரோவில் அந்த ஆரஞ்சு ஆள் இல்லை. இந்த ஒன்றைச் செய்தாலே அந்தக் கேள்வி வராது என்று நினைக்கிறேன்.

ஐந்து பெட்டியை ஒரே அளவில் வரிசையாக வைக்கும் ஸ்லைடை விட்டுவிடுங்கள். ஸ்ப்ரிண்ட் மற்ற நான்கோடு (பிளானிங், டெய்லி ஸ்க்ரம், ரிவ்யூ, ரெட்ரோ) சேர்ந்து நிற்கும் இன்னொரு மீட்டிங் இல்லை, அவற்றை உள்ளே வைத்திருக்கும் ஒரு சுற்று வேலையின் காலம், ஆகவே அது ஒரு நீளமான பட்டை, மற்றவை அதற்குள். ஸ்க்ரமின் அதிகாரபூர்வ வழிகாட்டியான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பு ஒரு மாத ஸ்ப்ரிண்டுக்குச் சொல்லும் உச்சவரம்பு, பிளானிங்குக்கு 8 மணி நேரம், ரிவ்யூவுக்கு 4, ரெட்ரோவுக்கு 3. டெய்லி ஸ்க்ரம் 15 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தால் பிளானிங் 8 செ.மீ., டெய்லி வெறும் கால் சென்டிமீட்டர் புள்ளி! மாதத்துக்கு சுமார் இருபது புள்ளிகள், மொத்தம் 5 செ.மீ. "தினமும் மீட்டிங்கா?" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. உங்கள் ஸ்ப்ரிண்ட் இரண்டு வாரம் என்றால் மற்றவை வழக்கமாகக் குறையும், 15 நிமிடம் மட்டும் அப்படியே இருக்கும்.

டெய்லிக்கு மூன்று கேள்விக்குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற அந்த மூன்று கேள்விகள் 2020 பதிப்பில் இல்லை. இலக்கை நோக்கி ஒரு அம்பு போதும்.

கைவேலை கொஞ்சம்தான். பவர்பாயிண்டின் புதிய பதிப்புகளில் இன்சர்ட் பகுதியில் ஐகான்கள் இருக்கின்றன. 'கன்வெர்ட் டு ஷேப்' கொடுத்தால் ஒரு ஐகானின் தனித்தனித் துண்டுக்கு நிறம் மாற்றலாம். எல்லாம் கோட்டு ஐகான் அல்லது எல்லாம் நிரப்பிய ஐகான், கலக்காதீர்கள். முடிந்தது, முடியாதது என்பதைப் பச்சை சிவப்பால் மட்டும் காட்டாமல் ஒரு டிக் குறியும் சேருங்கள், அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதவர்கள் பார்வையாளர்களில் இருக்கலாம்.

கடைசியாக, பெயர்களை மறைத்துவிட்டு விற்பனைப் பிரிவில் ஒருவரிடம் காட்டி, எது எந்த மீட்டிங் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் ஐகானை மட்டும் மாற்றினால் போதும்.