74 வயது அம்மாவுக்குத் தோளில் ‘நான்கு துண்டு’ முறிவு. எந்தச் சத்திரசிகிச்சை நல்லது?

நான் வைத்தியரல்ல. மஸ்கெலியாவில் பாசி பிடித்த லயத்துப் படியில் வழுக்கி, 76 வயதில் இதே முறிவை வாங்கிய அப்பாயிக்காக எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த பேத்தி.

எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டுகிறேன் என்று முதலில் ஒருவர் வந்தார். அத்தை கதவைச் சாத்திவிட்டார், நல்லவேளை. கையை உயர்த்தும் தசைக்கான நரம்பு, முறிந்த அந்த மேற்கை எலும்பை ஒட்டியே சுற்றிப் போகிறது; இழுத்தால் அதுவும் கெடலாம்.

‘நான்கு துண்டு’ என்பது நொறுங்கிய சில்லுகளின் எண்ணிக்கை அல்ல. பந்துத் தலை, தசைநாண்கள் பற்றியிருக்கும் இரண்டு புடைப்புகள், தண்டு ஆகிய நான்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டன என்று பொருள். 1970இல் சார்ள்ஸ் நீர் என்ற அமெரிக்க வைத்தியர் வகுத்த கணக்கு அது.

தகடும் திருகாணியும் வைப்பது ஒரு வழி. ஆனால் வயதானவர்களின் எலும்பு உளுத்த பலகை மாதிரி; ஆணி பிடிக்காது. இரத்த ஓட்டம் அறுந்து தலை செத்தால் திருகாணி மூட்டுக்குள் துருத்தும். தலையை மட்டும் உலோகமாக மாற்றினால், புடைப்புகள் சரியாக ஒட்டினால்தான் கை எழும்பும். மூன்றாவது, தலைகீழ் மூட்டு: பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. நைந்த தசைநாண்களை நம்பாமல் தோளின் மேல்தசையே கையைத் தூக்கிவிடும். நோர்வேயில் 65–85 வயதினரிடம் தகட்டோடு ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டு முடிவில் இதுவே முந்தியது.

ஆனால் வெட்டாமலும் இருக்கலாம். பிரித்தானியாவில் 250 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் கையைக் கழுத்தில் கட்டும் துணித் தொங்கலில் போட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மிக மோசமாக விலகிய முறிவுகள் பல அதில் சேரவில்லை என்று விமர்சனமும் உண்டு.

கண்டியில் நிபுணர் படத்தை வைத்துவிட்டு, “பாட்டி, இந்தக் கையால் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். “சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க வேண்டும், கொண்டை போட வேண்டும். கொழுந்துக் கூடை இனி எதற்கு?” என்றார் அப்பாயி. சீனி வருத்தமும் இதய நோயும் இருந்ததால் தொங்கல் என்று முடிவானது. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் குலுங்கும்போதெல்லாம் முனகியபடி கிளினிக் போய்வந்தார். இப்போது சோறு வாய்க்குப் போகிறது. கொண்டையைத் தங்கைதான் போடுகிறாள்.

உங்கள் அம்மா தனியாகச் சமைத்து நடமாடுபவர், உடம்பில் வேறு பெரிய நோய் இல்லை என்றால், தலைகீழ் மூட்டைப் பற்றியே முதலில் கேளுங்கள். மூட்டின் விலையை யார் தருவது, பிசியோதெரபி எங்கே என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். துண்டுகள் தவறான இடத்தில் ஒட்டத் தொடங்கினால் நிபுணருக்கே கடினம்.